எங்கள் மென்பொருளை வாங்கியவர்கள்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். படப்பையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். முதல் வரியிலேயே என்னைக் ‘குடும்பம்’ என்று அழைத்திருந்தார்கள்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் அண்ணனின் வேலை. கிளவுடில் இயங்கும் அவற்றைக் கண்காணித்து, பழுது நேர்ந்தால் திரையில் எச்சரிக்கும் மென்பொருள் ஒன்று அங்கே பயன்பட்டது. ஒரு சிறு நிறுவனம் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டிருந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம். அண்ணன் கேட்டதற்காக அதன் எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதி, அந்த நிறுவனத்துக்குச் சும்மாவே அனுப்பத் தொடங்கினேன். பிறகு எனக்காகவே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தேன். ‘பதில் வரவில்லை’ என்பதும் ‘நின்றுவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. நின்றுவிட்டது என்று திரை சொன்னால் ஒருவர் பதறி சர்வரை அணைத்துவிடுவார். பாதியில் இருக்கும் பதிவுகள் அழிந்துபோகும். இலக்கிய வகுப்பில் கற்ற கவனம் முழுவதையும் அந்தச் சிறு வாக்கியங்களுக்குச் செலவிட்டேன்.

மின்னஞ்சல் சொன்னது இதுதான். அந்தச் சிறு நிறுவனத்தை ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் வாங்கிவிட்டது. இனி வரும் பதிப்புகளுக்குக் கட்டணம் உண்டு. நான் எழுதியவற்றின் உரிமை முழுவதையும் அவர்களுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். மறுத்தால் தமிழ் நீக்கப்படும். சம்மதத்துக்குப் பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. மறுப்புக்குப் பொத்தானே இல்லை.

“இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?” என்றான் அண்ணன். “ஒரு கிளிக்கு தானே. சர்டிபிகேட் தருவான், வேலைக்குப் போறப்போ காட்டலாம்.”

மாடி அறையில் குடியிருக்கும் அக்கா தண்ணீர் பிடிக்க வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, என்னவென்று விசாரித்தார்; மின்னஞ்சலில் இருந்ததைச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்தவர், அண்ணனோடு ஷிப்டு பார்ப்பவர்.

“ஏளா, நீ சும்மா குடுத்தத அவன் காசுக்கு விப்பானாக்கும்? நல்ல குடும்பம்ளா இது! கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கல, மொய்க்கு மட்டும் ஆள் அனுப்புதான்.” குடத்தை இறக்கி வைத்தார். “ஆனா தமிழ எடுத்துட்டாம்னா நான் எதப் பாத்து வேலை செய்ய?”

என்னால் சிரிக்க முடியவில்லை. அண்ணனைத்தான் கேட்டேன்: “பிள்ளைப்பாக்கத்துல மனை வாங்கினவன் ஏரிக்குப் போற பாதையையும் சேத்து வேலி போட்டானே, அங்க போய் நீ ஏன் சண்டை போட்ட?”

“அது ஊரு வழி பாப்பா. அவன் வாங்கினது மனைய. வழிய எவன் வித்தான்?”

சொன்னவன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, மின்னஞ்சலை முதலிலிருந்து படித்தான்.

“பழைய பதிப்போட லைசென்ஸ அவன் மாத்த முடியாதில்ல?”

“முடியாது. இலவசமா விட்டது விட்டதுதான்.”

உழைத்து உருவாக்கியதை விற்றவர்கள்மீது எனக்குப் பொறாமை இல்லை. கேட்காமலே, சம்பளமின்றி எழுதிய எங்களையும் சரக்கோடு சேர்த்து எண்ணியதையும், அந்தக் கணக்குக்குக் குடும்பம் என்று பெயரிட்டதையும்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை, உரிமையை எழுதித் தர மறுக்கிறேன் என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினேன். கடைசி இலவசப் பதிப்பை என் தமிழோடு நகலெடுத்து, எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தேன். மாடிக்குப் போய் அக்காவிடம் அதன் முகவரியைக் கொடுத்துவிட்டு, கல்லூரிக்குத் தாம்பரம் பேருந்தைப் பிடித்தேன்.