பட்டாணிக்காக அப்பா சொன்ன பொய்

ஆம்பூரில் நாங்கள் வாடகைக்குப் போன அடுக்குமாடிக் கட்டடத்தின் நுழைவாசலில் ஒரு பலகை தொங்கும். குடியிருப்போர் சங்கத்தின் விதிகள். மொட்டை மாடியில் வடாம் காயப்போடக் கூடாது என்பதில் தொடங்கி, நாய், பூனை வளர்த்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதில் முடியும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தபோது என் புத்தகப் பைக்குள் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தது.

பட்டாணி எங்கள் பூனை. பழைய வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னதற்கு நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். அப்பாதான், "பைக்குள்ள போட்டுக்கோ கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். அவர் பேச்சு எப்போதும் கம்மி. அவருக்கு ஷூ கம்பெனியில் வேலை. அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டாலும் அதையே சொல்லச் சொல்லியிருந்தாள்.

நான்கு மாதம் எப்படியோ ஒப்பேற்றினோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறக்க வழியில்லை. பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அதன் மூத்திர வாடை எந்த ஃபினாயிலுக்கும் அடங்காது.

ஒரு சாயங்காலம், அப்பா வேலையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில், சங்கச் செயலாளர் கதவைத் தட்டினார். நான் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடி, கவிழ்த்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்துகொண்டேன். கதவிடுக்கில் அப்பாவின் முதுகும் அதற்கப்பால் செயலாளரின் முகமும் தெரிந்தன.

"தப்பா நெனைக்காதீங்க சார். இந்த மாடிக்கு வந்தாலே நாத்தம் அடிக்குதுன்னு ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. பூனை கீனை வெச்சிருக்கீங்களா? இல்லாட்டி ஒரு வாட்டி உள்ள பாத்துட்டுப் போயிடறேன்."

சொல்லிக்கொண்டே ஒரு கால் செருப்பைக் கழற்றியும் விட்டார். உள்ளே வந்தால் குளியலறை எட்டடிதான். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். போகப்போவது பட்டாணியா, வீடா என்று தெரியாமல் நான் அதன் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "அது என் மேல வர்ற நாத்தம் சார். டேனரில பச்சைத்தோல் செக்‌ஷன் நானு. எத்தினி சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது."

செயலாளரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல கேக்கல சார்" என்று குழறியபடி செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரிய புளுகை முகம் மாறாமல் அவிழ்த்துவிட எத்தனை பேரால் முடியும்? சாப்பிடும்போது, "இன்னாப்பா, சூப்பரா பொய் சொல்லிட்டியே!" என்றேன். அப்பா சிரித்தார். தன் தட்டிலிருந்த மீனில் பாதியைப் பட்டாணிக்கு வைத்தார். அம்மா மட்டும் யாரும் கேட்காத தண்ணீரை எடுக்க எழுந்து போனாள்.

பச்சைத்தோல் என்பது உப்புத் தடவி லாரியில் வந்திறங்கும், இன்னும் பதப்படுத்தாத மாட்டுத்தோல். தோல் பதனிடும் டேனரியில் அதை உதறி ஊறவைப்பதுதான் அப்பாவின் வேலை என்று, என் கல்லூரிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை அவரே நிரப்பியபோதுதான் தெரிந்தது. யாருக்கும் தெரியக் கூடாதென்று தினமும் வேலையிடத்திலேயே குளித்து, இஸ்திரிச் சட்டையில் வீடு திரும்பிய மனிதர், எனக்காக அதைத் தன் வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். இப்போது யார் கேட்டாலும் அப்பாவின் வேலையை முழுசாகச் சொல்கிறேன். அவரைவிடப் பெரிய ஆள் எனக்கு யாருமில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? மறுநாள் மாலை கீழே லிஃப்டுக்கு நின்ற மூன்று பேர் அப்பாவையும் என்னையும் பார்த்ததும், "நீங்க போங்க சார், நாங்க அப்புறமா வர்றோம்" என்று விலகிக்கொண்டார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. செயலாளரையே ஓடவைத்தவர் என்பதால் கட்டடமே அப்பாவுக்கு வழிவிடுகிறது என்று நினைத்தேன். காலியான லிஃப்டில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நின்றேன்.