ஆர்க்கிட்டுக்கு ஏசி

கல்கத்தா லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டில் பதினோரு கோடைகளை ஏசி இல்லாமல் கழித்தேன். கேட்காமல் இல்லை. கேட்கும்போதெல்லாம் என் கணவர், "ஏசி உடம்புக்கு ஆகாது. கொஞ்ச நாள்ல பழகிடும்" என்பார். அவருக்கு மட்டும் வங்கியில் நாள் முழுக்க சென்ட்ரல் ஏசி.

ஒருமுறை ஆபீஸ் வேலையாக டார்ஜிலிங் போனவர் ஆர்க்கிட் ஒன்றோடு திரும்பினார். மலைக்காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் சாதி, மண்ணே வேண்டாம். பாசி சுற்றிய கட்டையில் கட்டியிருந்தது. குளிர் இருந்தால் வெள்ளையாகப் பூக்குமாம். "கல்கத்தா வெயிலை இது தாங்காது, பாவம்" என்றார். அந்தப் பாவத்தை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த வாரமே சின்ன ரூமில் ஏசி மாட்டியாயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டையை அடுப்பில் வைத்திருப்பேன். ஆனால் நான் ஒன்றும் அசடு இல்லை. "காலையில எழுந்ததும் தண்ணி தெளிக்கணுமே, நான் அங்கேயே படுத்துக்கறேன்" என்றேன். செடிக்குச் சம்பளமில்லாத ஆயா கிடைத்த திருப்தி அவருக்கு. நான் பௌதி (அண்ணி) என்று கூப்பிடும் எதிர் ஃப்ளாட் பெங்காலிப் பெண் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த ஜென்மத்துல உங்க வீட்டுல செடியாப் பொறக்கறேன்" என்றாள். ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் நேரே சின்ன ரூமுக்குப் போவார். நான் காய்ச்சலோடு கிடந்த அன்றும், "இலை ஏன் சோர்ந்திருக்கு?" என்றுதான் விசாரித்தார். போகட்டும். அந்தக் கோடையில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

டிசம்பரில் ஏசியை நிறுத்திச் செடியைப் பால்கனியில் தொங்கவிட்டோம். ஜனவரியில் அவர் ஆடிட்டுக்குப் பத்து நாள் வெளியூர் போனார். நான் தண்ணீர் தெளிக்கவே மறந்துபோனேன். எட்டாம் நாள் பார்த்தால், கட்டையோரத்தில் பிஞ்சுப் பூந்தண்டு ஒன்று தலைநீட்டியிருந்தது.

பால்கனியிலேயே பூத்ததைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? செடிக்கு ஊர் பழகிவிட்டது என்பார். ஏசியைக் கழற்றி சால்ட் லேக்கில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தண்டை நகத்தால் கிள்ளி, வெங்காயத் தோலோடு குப்பையில் போட்டேன்.

திரும்பி வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் பால்கனிக்குப் போனார். "ஒரு மொட்டுகூட இல்லையே" என்று முகம் வாடிப்போனார். வருஷம் பூராவும் காத்திருந்த மனுஷர். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"குளிர் போதலை போல. இந்தத் தடவை பிப்ரவரியிலேயே ஏசியைப் போட்டுடலாம்" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.