ஜானவாசக் காரின் கண்ணாடிப் பருந்து

என் தங்கையின் ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, திறந்த கார் தேடி அலைந்தபோது ராயப்பேட்டை பாய் ஒருவர் தன் அப்பா காலத்துக் காரைத் தர ஒப்புக்கொண்டு, தானே ஓட்டியும் வந்தார். பானெட் முனையில் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடிப் பருந்து. அடியிலிருந்த சின்ன பல்பைப் போட்டால் பறவை முழுதும் ஒளிரும். மாடவீதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் தேங்காய் உடைத்து, கற்பூரத் தட்டைப் பருந்தின் மூக்கருகே கொண்டுபோனேன்.

“ஸார், அது கண்ணாடி. கொஞ்சம் தள்ளி காட்டுங்க” என்றார் பாய்.

“கருடன் மாதிரியே இருக்கே பாய், காட்டாம இருக்கலாமா?” என்று நிதானமாகக் காட்டினேன். கையோடு தேங்காய்த் தண்ணீரையும் அதன்மேல் தெளித்தேன். ‘டிக்’ என்றது. கழுத்தின் குறுக்கே விரிசல்.

“என்ன சத்தம்?” மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல ஸார், பூ சரியா நிக்கல” என்ற பாய், பானெட்டில் கிடந்த மல்லிகைச் சரத்தை எடுத்துப் பருந்தின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினார். பல்பை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஊர்வலம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்க பாயிடம் போனேன்.

“கண்ணாடி ஒடஞ்சா உங்க வீட்ல சகுனம் பாப்பாங்க. விடிஞ்சா கல்யாணம். பொண்ணு காதுல போட்டுடாதீங்க” என்றவர், சரத்தை அவிழ்க்காமலே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

கல்யாண ஆல்பத்தில் அந்தக் காரின் படம் வரும்போதெல்லாம், “பருந்துக்குக்கூடப் பூ வெச்சிருக்கியே அண்ணா!” என்று தங்கை சிரிப்பாள். வைத்தது நானில்லை என்று வாய்வரை வரும். சொன்னால் பாய் மறைத்தது வீணாகிவிடும்.