ஈசானி மூலை நாற்று

பிரிஸ்கில்லா என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் என் வீட்டுக்காரர் ஜானைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும். திட்டு வாங்குகிறவருக்கு மட்டும் கேட்காது. அதனால் அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

உத்திரமேரூர் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் காலனிக்கு வருவார்கள். வந்ததும் பிரிஸ்கில்லாவைத்தான் கேட்பார்கள். முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். ஆனாலும் அவளைவிட எவ்வளவோ மூத்த முனியம்மாள்கூட அவள் கை காட்டிய வயலில்தான் இறங்குவாள். நேரமாகியும் சோற்றுக்கு விடாத வயல்காரரை வரப்பில் நிற்க வைத்துப் பிரிஸ்கில்லாதான் கேள்வி கேட்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒருத்தர் முன்னால் மட்டும் வாயில்லாப் பூச்சி. அவர் பெயர் ராஜாராம்.

ராஜாராம் பெரிய தெருக்காரர். நிலம், டிராக்டர், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் உண்டு. பெண்டாட்டி கீதா பிள்ளைகளின் படிப்புக்காகக் காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். என் மாமனாருக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, மூச்சு முட்டியபோது வேறு எந்த வண்டியும் வர முடியாத மழை. ரோட்டில் நிறுத்திய டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ராஜாராம்தான். மாமனார் பிழைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்தில் நின்றவரை இவளால் மறக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை போலிருக்கிறது. மோட்டார் கொட்டகையில் பேச்சு, போனில் பேச்சு என்று வருஷங்கள் ஓடின. வந்த வரன்களையெல்லாம் ஏதாவது நொள்ளை சொல்லித் தட்டிக்கழித்தாள். ஊருக்குத் தெரியும். ஊர் தெரியாத மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படி இருக்கத் தெரியாது; கேட்டுவிடுவேன். "இன்னாதான்டி முடிவு?" என்றால், "தெரியல அண்ணி" என்பாள். பொய் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இந்த வருஷம் மார்கழியில் நவரைப் பட்டத்து நடவு ராஜாராம் வயலில் தொடங்கியது. எப்போதும் அவர் வயல்தான் முதலில். அது இவள் போட்ட சட்டம். எங்கள் பக்கத்தில் நடவு ஆரம்பிக்கும்போது வடகிழக்கே ஈசானி மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, வயலுக்குடையவர் வீட்டுப் பெண் முதல் பிடி நாற்றை வைக்க வேண்டும். பிறகுதான் நாங்கள் இறங்குவோம். வருஷா வருஷம் கீதாதான் வந்து வைப்பாள். இந்த முறை அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு வந்தவாசியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ராஜாராம் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போவுது. நீயே வையி பிரிஸ்கில்லா."

"நானா?"

"இன்னா நானா? வையி."

முனியம்மாள் என் இடுப்பில் இடித்தாள். "இன்னாடி இது, வூட்டுக்காரி வெக்கிற நாத்தாச்சே!"

பிரிஸ்கில்லா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது. அந்த மனுஷன் இவளுக்கு இடம் கொடுத்தாரா, இல்லை எமகண்டம் வந்துவிடும் என்று பயந்தாரா? யாரிடம் கேட்பது?

பாதி வயல்கூட நட்டிருக்க மாட்டோம். ராஜாராமின் போன் அடித்தது, கீதாதான். "மானாம்பதி தாண்டிட்டியா? வர்றேன்னு சொல்லவே இல்லியே" என்று அவர் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரப்போரமாக வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பிரிஸ்கில்லா, அந்த நாத்தப் புடுங்கிடு. அவ வந்து வெக்கட்டும். மனசுல ஒண்ணும் வச்சிக்காத."

அவள் கையிலிருந்த நாற்றை நட்டு முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வச்சது நானு. நான் புடுங்கமாட்டேன். வாணாம்னா நீ புடுங்கு."

நாலு பேர் முன்னால் அவரை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னதைக் கேட்டு அவர் வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். அவர் ரோட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கிய நாற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாய்க்காலில் விட்டார்.

கீதா வந்து இறங்கினாள். நல்ல பெண், பாவம், அவளைக் குறை சொல்ல என் நாக்குக்கே ஒன்றும் கிடைக்காது. "பசங்கள அம்மாகிட்ட வுட்டுட்டு ஓடியாறேன். இன்னா பிரிஸ்கில்லா, எளைச்சிக்கினே போற? சாப்பிடறியா இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே நாற்றை வாங்கி அதே மூலையில் வைத்தாள். பிரிஸ்கில்லாவும் சிரித்தாள். சாயங்காலம் வரைக்கும் நட்டாள். அன்றைக்கு அவள் பிடித்த வரிசை மட்டும் கோணிக்கொண்டே போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருந்தேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவள் ஒரு நிலையில் இல்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டாள். அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். ஒருநாள், "அவரு இன்னா பண்ணுவாரு அண்ணி, பொண்டாட்டி வரும்போது?" என்று அவருக்கு வக்கீலாக நின்றாள். மறுநாள், "புடுங்கும்போது என் மூஞ்சியப் பாத்தாரா, பாக்கலியா?" என்று என்னையே கேட்டாள். "கோவமா இருக்கா உனக்கு?" என்றேன். "கோவமா துக்கமான்னு தெரியல" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம், அந்த ஆள் மேலும் கோபம். என்னத்தைச் செய்வது?

பொங்கல் முடிந்த பிறகு ஒரு காலையில் ராஜாராம் எங்கள் காலனிக்கே வந்தார். அதுவரை அவர் கால் வைக்காத தெரு. நேராக அவள் வீட்டுக்குள் போனார். நான் கையில் இருந்த கரண்டியோடு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"செங்கல்பட்டுல ஒரு வூடு பாத்து வச்சிக்கீறேன்" என்றார். "உனக்குன்னு தனி வூடு. இந்த வெயில்ல நீ சேத்துல கஷ்டப்பட வேணாம். பாதி நாளு நான் அங்கதான் இருப்பேன்."

அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். சரி என்று சொல்லிவிடுவாள் என்று எனக்கு நிச்சயம். அவள் குரல் ரொம்ப மெதுவாகக் கேட்டது.

"அங்க நான் யாருன்னு சொல்லுவ?"

"அந்த ஊர்ல நம்மள யாருக்குத் தெரியும்? யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலையேன் என்று எனக்கே இருந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதை நம்பி அவள் போயிருப்பாள், அந்த நிலையில்தான் அவள் இருந்தாள். "எதுக்கு இப்ப அதெல்லாம் கெளப்புற?" என்றார் கடைசியில்.

"எனக்கு அந்த வூடு வாணாம். நீ இனிமே வராத. உன் வயலுக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பைக் போகும் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அவள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பொங்கிவிட்டது.

"நான் பண்ணது சரியா அண்ணி? தப்பா? எனக்கு ஒண்ணுமே புரியல. இப்பவும் அவரு வேணும். அவரு திரும்பி வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்னு தெரியல. ஆனா அவரு வேணும்னா நான் யாருமே இல்லாம இருக்கணுமாம். அது இன்னா நியாயம்? நீ சொல்லு."

அவள் பானையிலிருந்த சோற்றையே போட்டு, என் வீட்டுக் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றி, அவள் முன்னால் வைத்தேன். தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் இருந்தாள், ஆனால் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.