பேட்டரி மாட்டுவது அவர் வேலை

எங்கள் லாரிக்கு ஒரு கெட்ட பழக்கம். ராத்திரி சும்மா நின்றாலும் எங்கோ ஒரு வயர் வழியாகக் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். எந்த வயர் என்று இன்றுவரை யாரும் கண்டுபிடித்தபாடில்லை. அதனால் சாயந்தரம் வண்டியை நிறுத்தியதும் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி வைப்போம். காலையில் மறுபடி மாட்டுவோம். என் வீட்டுக்காரர் ஓட்டிய காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். மாட்டைக் கட்டி அவிழ்ப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

வட்டவடையில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவோம். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லைக் கொடுத்துவிடுவோம். சாவியைத் திருகி, என்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் எடுக்கவில்லையென்றால் கல்லை உருவிவிட்டு உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். மலை இருக்கிறபோது பேட்டரி எதற்கு என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். இந்த வசதியால்தான் வண்டிக்குக் கோளாறு வந்தாலும் மாசக்கணக்கில் யாரும் கவலைப்படுவதில்லை. நானும் பட்டிருக்க மாட்டேன், ஓட்டுகிற வேலை என் தலையில் விழாமல் இருந்திருந்தால்.

ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, இழுத்து இழுத்து நடப்பார். வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டம்ளரைப் பிடிக்கும், ஆனால் பிடித்ததை மறந்துவிடும். நான் கல்யாணத்துக்கு முன்பே ஜீப் ஓட்டியவள் என்பதால் லாரியை நானே எடுத்தேன். எங்கள் கேரட்டோடு அக்கம்பக்கத்துக்காரர்களின் கோஸும் பூண்டும் எங்கள் வண்டியில்தான் மூணாறுக்குப் போகும். அங்கே பெரிய லாரிகள் நிற்கும். நேரத்துக்குப் போகவில்லையென்றால் அவை கிளம்பிவிடும், நம் சரக்கு வெயிலில் கிடந்து வாடும்.

வண்டி என்னிடம் வந்தாலும் பேட்டரிப் பெட்டியை அவர் விடவில்லை. எனக்கு முன்னால் எழுந்து, குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை இழுத்தபடி பனியில் இறங்கிப் போவார். இரண்டு கையையும் உபயோகித்து எர்த் முனையை மாட்டி, ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, "மாட்டியாச்சு, எடு" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் பழையபடி டிரைவர் குரலாக இருக்கும்.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். லைட் எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் சுற்றாது. வீட்டு வாசலில் என்றால் கல்லை எடுத்து உருட்டிவிடுவேன். மூணாறு மார்க்கெட்டோ சமதரை. அங்கே சரக்கை இறக்கியபிறகு டிக் என்று சொல்லிவிட்டு வண்டி நிற்கும்போது, சுமை தூக்குகிறவர்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்ல வேண்டும். தள்ளுவார்கள். தள்ளும்போதே பொம்பளை ஓட்டும் வண்டி என்று ஆரம்பித்து, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முடிப்பார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விடுவேன். பதில் சொல்ல எனக்குத் தெரியாமலில்லை, மறுநாளும் அவர்களைத்தான் தள்ளச் சொல்ல வேண்டும்.

மூணாறு எலக்ட்ரீஷியனிடம் போனேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். இன்னொரு தடவை செல்ஃப் மோட்டாரை இறக்கிக் கார்பன் மாற்றினார். கடைசியில் பேட்டரியையே புதிதாக மாற்றினோம். அவர் கடையில் சாவியைத் திருகினால் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பும். "சேச்சி, இதுக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்று, கோளாறு இல்லை என்பதை மலையாளம் கலந்து சொல்லிச் சிரிப்பார். மறுநாள் காலை எங்கள் வாசலில் பழையபடி டிக். கடையில் பதிவிரதை, வீட்டில் பத்ரகாளி என்று வண்டியைத் திட்டினேன். அந்தக் கடையிலிருந்து வந்த சாயந்தரங்களில் எல்லாம் முனையைக் கழற்ற என் வீட்டுக்காரருக்கு வெகுநேரம் ஆகும். மூச்சு வாங்குவது சமையலறை வரைக்கும் கேட்கும். குளிருக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார். தினமும் முனையைக் கழற்றி மாட்டுவதால்தான் அது தேய்கிறது, சீட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் ராத்திரி திருகி அணைத்துவிடலாம், காலையில் திருகிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனைதான். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வச்சிரு. அப்ப காலையில நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். சுவிட்ச் பேச்சை அதோடு விட்டேன்.

ஒரு நாள் காலையில் ஒரே மூடுபனி. முந்தின ராத்திரி தூறல் வேறு. வண்டி நிறைய கேரட். அவர் மாட்டியாச்சு என்றார், நான் திருகினேன், டிக். வழக்கம்போலக் கல்லை எடுக்கச் சொல்லி உருட்டினேன். வேகம் வந்ததும் கிளட்சை விட்டேன். ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கியதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி விட்டேன், பிடிக்கவில்லை. என்ஜின் ஓடாத லாரியில் பிரேக்கை ஏறி நின்று மிதித்தாலும் கல்லை மிதிப்பதுபோல இருக்கும். கீழே வளைவில் ஜீப்புக்காக ஆட்கள் நிற்பது பனிக்குள் நிழலாகத் தெரிந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். அவர்கள் சிதறி ஓடினார்கள். வண்டி மண்மேட்டில் மூக்கைச் செருகி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இறங்கினேன். அந்தப் பேட்டரியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிகிற ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்தேன். எர்த் முனையில் கை வைத்ததும் அது ஸ்பேனர் இல்லாமலே கையோடு வந்துவிட்டது. நட்டைச் சுற்றிப் புதுசும் பழசுமாக எத்தனையோ கீறல், ஸ்பேனர் வழுக்கி வழுக்கி விழுந்த தடம்.

பேட்டரியையும் மோட்டாரையும் குறை சொல்லி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கடையில் எலக்ட்ரீஷியன் எதையாவது கழற்றி மாட்டும்போது இதையும் இறுக்கிவிடுவார், வண்டி கிளம்பும். வீட்டில் இவர் கழற்றி மாட்டினால் பிடி இருக்காது. லைட்டுக்குப் போகிற கரண்ட் போகும், மோட்டாரைச் சுற்றுகிற அளவுக்குப் போகாது. இவ்வளவுதான் விஷயம்.

முதலில் கோபம்தான் வந்தது. கை முடியவில்லையென்றால் முடியவில்லை என்று சொல்லக் கூடாதா, நாலு உயிரைக் கொன்றிருப்பேனே என்று அங்கேயே வாய்விட்டுத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்துவிட்டது. அந்தக் கீறல் ஒவ்வொன்றும் அவர் ஒரு தடவை முயன்றது. ஆட்கள் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து முறுக்கினேன். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பிவிட்டது. செல்ஃப்தான் எடுக்கிறதே, அப்புறம் எதற்கு உருட்டிக்கொண்டு வந்தாய் என்று வந்தவர்கள் கேட்டார்கள். என்ன சொல்வது? பனி என்று சொன்னேன்.

வீட்டில் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால் ஒரு நாள் யாராவது சாவார்கள். சொன்னால் மறுநாள் அவர் எழுந்திருக்க மாட்டார், அதற்கு மறுநாளும் மாட்டார். எனக்குத் தெரியும். வண்டி எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்த்தவள் நான்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஒரு சின்ன ஸ்பேனரை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மாட்டி முடித்ததும், "என்னங்க, பின்னால லைட் எரியுதான்னு பாருங்க" என்பேன். செக்போஸ்ட்டில் கேட்கிறார்கள் என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன். லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, அவர் காலை இழுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய்ச் சேருவதற்குள் நான் இறங்கி ரெண்டு திருகு திருகிவிட்டு ஏறிவிடுவேன். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது வளைவிலேயே நிறுத்தி, இறுக்கியதை அவர் கைக்கு ஏற்றபடி தளர்த்திவிட்டு வருவேன். வண்டி தினமும் முதல் திருகலிலேயே கிளம்பியது. புது பேட்டரி நல்ல பேட்டரி என்று அவரே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. புருஷனை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருந்தது பிடிக்கவில்லை.

போன வாரம் கையெல்லாம் விறைத்துப்போகிற குளிர். அவர் மாட்டியாச்சு என்றார். நான் பின்னால் பார்க்கச் சொன்னேன். அவர் போனார். நான் பேட்டரிப் பக்கம் இறங்கினேன். விரல் மரத்துப்போய் ஸ்பேனர் நட்டில் உட்காரவே மாட்டேன் என்றது. எனக்கும் வழுக்கியது. பதறிப்போய் மறுபடி வைத்தேன். அதற்குள் அவர் பின்னால் போய் நின்றுவிட்டது தெரிந்தது.

"லைட் எரியுது" என்றார் அங்கிருந்தே. "நீ அவசரப்படாத. நல்லா முறுக்கிட்டுச் சொல்லு. அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

நான் அன்றைக்கு லைட் சுவிட்சைப் போடவே மறந்திருந்தேன்.