முல்லையாற்றில் மாறிய முடிச்சு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் அடுப்பில் பால் வைத்துவிட்டு வருகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானே முதலில் சிரிப்பேன்.

எழுபதுகளில் உத்தமபாளையத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தொல்லியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விவசாயமே தெரியாத காலத்தில் தெற்கே கடற்கரையில் செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரிக்காட்டில் வாழ்ந்த வேட்டைக்காரர்கள் எப்படி மீன் பிடித்தார்கள் என்பதுதான் விஷயம். வலையெல்லாம் மக்கிப்போயிருக்குமே, எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு பக்கமும் பள்ளம் கொத்திய கூழாங்கற்களைக் காட்டினார். வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அடியில் கட்டிய கற்களாம். அவருடைய பேராசிரியரோ, எப்படிக் கட்டினார்கள் என்று காட்டு, இல்லாவிட்டால் அது வெறும் கல் என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டுப் போடியில் என் மாமனாரின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டும். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், அங்கே போனால் உள்ளுக்குள் ஒடிந்துபோவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இந்த ஆராய்ச்சிக்காரர்கள் வேலை செய்யும் முறையே வேடிக்கை. புதுக் கல்லில் அதே மாதிரி பள்ளம் கொத்தி, வலையில் கட்டி, நாள்தோறும் ஆற்றில் போட்டு எடுத்து, கயிறு எங்கே தேய்த்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டுவது என் வேலை. பழைய கல்லில் தேய்மானம் சாய்வாகப் போயிருக்கும், எங்கள் கல்லிலோ நேராகவே விழுந்தது. எந்த முடிச்சுப் போட்டும் அந்தச் சாய்வு வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, அவசரத்தில் அவர் தேரியில் எடுத்த நிஜக் கல் ஒன்றையும் புதுக் கற்களோடு பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அதில் மசியால் நம்பர் எழுதியிருந்தும் அந்தப் பனியில் இருவருமே கவனிக்கவில்லை, நானும் சேர்த்துக் கட்டிவிட்டேன். வலையை முல்லையாற்றில் இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். பனி கவிந்து ஆறே மறைந்துபோயிற்று. நம்பினால் நம்புங்கள், தண்ணீருக்குள்ளிருந்து ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது, ஒருத்தி சிரித்தாள், என்ன பாஷை என்று தெரியவில்லை, கைவேலைக்கு நடுவே பேசிக்கொள்ளும் பேச்சு என்று மட்டும் புரிந்தது. பயமே வரவில்லை, தூளியில் கிடப்பது மாதிரி அத்தனை சுகமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. யாரோ குளிக்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தாராம்.

வெயில் ஏறியதும் பார்த்தால் ஆற்றில் யாருமில்லை. வலையை இழுத்தோம். நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட இல்லை, எல்லாக் கல்லிலும் வேறொரு முடிச்சு விழுந்திருந்தது. நம்பர் போட்ட கல்லை அப்போதுதான் பார்த்தோம். அதன் சாய்ந்த தேய்மானத்தின் மேலேயே கயிறு கச்சிதமாகப் படிந்திருந்தது.

வலையைச் சுருட்டிக்கொண்டு மதுரைக்குப் பேராசிரியரிடம் போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"யாரு கட்டுனதுன்னு கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல? நீதான்னு சொல்லிட்டேன். வந்து அவுக முன்னால கட்டிக் காட்டச் சொல்றாக."

"ஏங்க, ஒங்களுக்கென்ன கிறுக்கா? எனக்கெங்க தெரியும் அந்த முடிச்சு?"

போனோம். பேராசிரியர் ஒரு கல்லையும் கொஞ்சம் கயிற்றையும் மேஜையில் வைத்தார். என் வீட்டுக்காரர் சுவரோரமாக வேர்த்து வழிந்து நின்றார். அவரைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கல் கட்டியாகியிருந்தது. என் கைதான் கட்டியிருக்கிறது. அதே முடிச்சு.

"இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"பழக்கம் சார்," என்றேன். வேறென்ன சொல்வது?

பட்டம் கிடைத்தது. போடிக் கடையும் பிழைத்தது.

இன்றும் அந்த முடிச்சைக் கட்டுவேன். கையைப் பார்த்துக்கொண்டே கட்டினால் வராது, வேறெங்கோ பார்த்தால் வந்துவிடும். கட்டி முடித்ததும் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்குகிறேன், யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. கடையில் வாங்கிய புதுக் கயிறுதான், கடல் தண்ணீர் பட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது.