டீ வடிகட்டி மாட்டிய கார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அறுபதுகளின் நடுவில், தாராவியில் மாஹிம் பக்கமாக ஒரு தகர ஷெட்டில் நானும் என் மனைவியின் தம்பியும் கார் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். என்ஜின் வேலை என்னுடையது, லேத் வேலை அவனுடையது. முப்பது வயது ஆள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். அவனுக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு சார் வருவார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. நெற்றியில் விபூதி, மனசு முழுக்க வேகம். அவரிடம் இத்தாலிய மாடலில் நாலு கதவு வைத்த ஒரு கார் இருந்தது. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வர வாங்கியது. அதை அவர் கார்ப் பந்தயத்தில் விட ஆசைப்பட்டார். ஜுஹு விமான ஓடுதளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார்களை ஒவ்வொன்றாக விட்டு யார் சீக்கிரம் கடக்கிறார் என்று கடிகாரத்தைப் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள்.

“மிஸ்திரி, இது பசு மாதிரி சாதுவா இருக்கு. கொஞ்சம் ரோஷம் ஏத்திக் குடு. நன்னா ஓடித்துன்னா என் சிநேகிதா நாலு பேர் அவா வண்டியையும் உங்கிட்டயே கொண்டு வருவா” என்றார்.

அந்த நாலு கார் எங்களுக்கு வேண்டியிருந்தது. காரணம் என் மைத்துனன் சட்டைப் பையில் இருந்தது. பாண்டுப்பில் ஒரு ஃபாக்டரி அவனை லேத் ஓட்டும் டர்னர் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தது. பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். “ஞாயித்துக்கிழம வண்டி ஓடுதத பாத்துட்டுச் சொல்லுதேன் அத்தான்” என்றான். அவன் போய்விட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான். அதை அவனிடம் சொல்ல என் வீம்பு விடவில்லை.

ஆறு வாரம் அந்தக் காரோடு கிடந்தோம். சிலிண்டர் ஹெட்டை அவன் மயிரிழை மயிரிழையாகச் சீவினான். காற்று போகும் வழிகளை நான் எமரி பேப்பர் வைத்துக் கண்ணாடி மாதிரி தேய்த்தேன். குர்லாவில் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஓர் ஆங்கிலக் காரின் ஜோடிக் கார்புரேட்டர் கிடைத்தது. அவற்றை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டை அவனே கடைந்து, வெல்டிங் வைத்துச் செய்தான். என்ஜின் தாராளமாக மூச்சு விடட்டும் என்று காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் போட்டேன். இரண்டு கார்புரேட்டரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒவ்வொரு வாயிலும் ரப்பர் குழாயை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டு, இரண்டின் இரைச்சலும் ஒன்றாகும்வரை திருகினேன். செம்பூர் ரோட்டில் ஒரு விடியற்காலை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில் அது இழுத்த இழுப்பில் சார் குழந்தை மாதிரி சிரித்தார். என் வாழ்க்கையில் நல்ல வாரங்கள் என்றால் அந்த ஆறைத்தான் சொல்வேன்.

ஞாயிறு அதிகாலை ஷெட்டில் பூஜை போட்டோம். சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டுக்குக் கேந்திப் பூ மாலை போட்டாயிற்று. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. உழைக்கப் போவது என்ஜின், மரியாதை தகரத்துக்கா? மாலையிலிருந்து இரண்டு பூவைப் பிய்த்து என்ஜின் மேல் வைத்து, கும்பிட்டுப் பானெட்டை மூடினேன்.

ஜுஹுவரை கார் சமர்த்தாக வந்தது. ஓடுதளத்தில் முதலில் ஒரு வெள்ளோட்டம் உண்டு. சார் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தார். பாதி தூரம் அம்பு மாதிரி போனது. பிறகு தடதடவென்று உதறி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு நொண்டியபடி திரும்பியது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்தில் பத்து இருபது பேர் நின்றார்கள், அதுகூடக் கண்ணில் படவில்லை. “ஏ மாப்ளே, ஒன் மேனிஃபோல்டுதாம்ல காத்து இழுக்கு! ஆறு வாரம் கடஞ்ச லட்சணம் இதானா? பாண்டுப்புல போயி போல்ட்டு கடஞ்சிக்கிட்டு இரு, அதுக்குத்தான் நீ லாயக்கு!” என்று கத்தினேன். அவன் ஸ்பேனரை எடுத்து மேனிஃபோல்டு நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

பிளக்குகளைக் கழற்றினேன். முன்னால் இரண்டும் நல்ல நிறம், பின்னால் இரண்டும் கரி. கோளாறு மேனிஃபோல்டில் இல்லை. இணைப்பில் காற்று இழுத்தால் பிளக் வெளுத்துப் போகும். கறுத்திருந்தால் காற்று போதவில்லை, எதுவோ அடைத்திருக்கிறது. பின் கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டேன். நசுங்கி, பெட்ரோலில் நனைந்து, ஒரு கேந்திப் பூ வந்தது. இன்னொன்று என்ஜின் ஓரத்தில் பத்திரமாக இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிளக்குகளைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் தெளிவாக உறுமியது.

“ஆஹா, சரியாயிடுத்தே! என்னய்யா கோளாறு?” என்று சார் வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். “நட்டு லூசா இருந்திருக்கும் சார். இப்பம் கால் சுத்து முறுக்கினேன். எம் மேலதான் தப்பு.”

என்னை யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த நட்டுகள் எதுவும் லூசாக இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் முறுக்கியவனே நான்தான். என்னைக் காப்பாற்ற நினைத்து அவன் அதைச் சொல்லவில்லை. நான் திட்டியதை அப்படியே நம்பிவிட்டான். பையிலிருந்து பூவை எடுத்துக் காட்டினேன். திட்டும்போது கத்திய அதே குரலில், அதே ஆட்கள் காதில் விழும்படி சொன்னேன். “மேனிஃபோல்டுல ஒரு கொறையும் இல்ல சார். நாந்தான் உள்ள பூ வச்சேன், அத வண்டி முழுங்கிட்டு. இவன ஏசுனது எந் தப்பு.”

“கார்புரேட்டருக்கே அர்ச்சனை பண்ணிட்டியா மிஸ்திரி!” என்று சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. “நேரமாச்சு அத்தான், பானெட்ட மூடுங்க” என்றான்.

நிஜ ஓட்டத்தில் எங்கள் கார் மூன்றாவதாக வந்தது. முந்திய இரண்டும் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள். சாரின் சிநேகிதர்கள் பானெட்டைத் திறந்து அந்த மேனிஃபோல்டைத் தடவித் தடவிப் பார்த்து, தங்கள் வண்டிகளையும் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. மாஹிமில் இறங்கும்போது மைத்துனன் “வாரேன்” என்று மட்டும் சொன்னான். அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? ஒரேயடியாகப் போகிறவனும் அப்படித்தான் சொல்வான்.

இரவு சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை மனைவி ஒரு துணியில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

“தம்பி விடியுமுன்ன வந்தான். எதுக்குன்னும் சொல்லல, டீ வடிகட்டிய எடுத்துக்கிட்டுப் போய்ட்டான். அத்தானும் மச்சினனும் என்னதான் பண்ணுதியளோ” என்றாள்.

டீயைக் குடிக்காமலே கிளம்பினேன். ஷெட்டுக்கு இரண்டு சந்து முன்னாலேயே லேத் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

வடிகட்டியின் வலையை அவன் இரண்டாக வெட்டி வைத்திருந்தான். கார்புரேட்டர் வாய்க்கு அளவாகப் பித்தளை வளையம் ஒன்று தயாராக இருந்தது, இன்னொன்றைக் கடைந்துகொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீங்க பூ வைக்கத நிறுத்த மாட்டிய. நாமதான் வல போட்டுக்கிடணும்” என்றான்.

அன்று சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஐந்து டீ வடிகட்டி வாங்கினேன். வரப்போகும் நாலு காருக்கு நாலு, வீட்டுக்கு ஒன்று.